மைல் என்னும் நாணயம்

மைல் என்பது தூரத்தை அளக்கும் ஓர் அளவை. கிலோமீட்டர் வழக்கிற்கு வந்த பின்னரும், 'மைல் கல்' என்ற தொடரில் அச்சொல் நம்மிடையே நின்று நிலவுகிறது. ஆனால் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இந்தப் பழைய அளவைக்குப் புதியதொரு பொருள் ஏற்பட்டிருக்கிறது. அங்கே மக்கள் மைல்களைச் சம்பாதிக்கிறார்கள், சேமித்து வைக்கிறார்கள், செலவழிக்கிறார்கள், அவற்றுக்காக நீதிமன்றம் வரையிலும் செல்கிறார்கள். தூரத்தை அளந்த மைல் பணத்தைப்போல் புழங்கும் ஒரு பொருளாக மாறியது எவ்வாறு? அந்தப் பணத்தின் மதிப்பை நிர்ணயிப்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

வாடிக்கையாளருக்குச் சன்மானம் அளித்துத் தன்னிடமே திரும்பி வரச் செய்யும் முறை வணிக உலகிற்குப் புதியதன்று. 1896-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்னும் கம்பெனி நிறுவப்பட்டது. அது பச்சை நிறத்தில் சிறு முத்திரை வில்லைகளை அச்சிட்டு மளிகைக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர், வாங்கப்படும் சரக்கில் ஒவ்வொரு 10 சென்ட்டுக்கும் ஒரு வில்லை வீதம் வாடிக்கையாளருக்கு வழங்குவார். இல்லத்தரசிகள் அவற்றை ஒரு சிறு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, புத்தகங்கள் நிறைந்தபின் கொடுத்து, விளக்கோ பாத்திரமோ பெற்றுக்கொள்வார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லையை அச்சிடுகிறவர் ஒருவர். அதை விலை கொடுத்து வாங்கி வழங்குகிறவர் மற்றொருவர். பெற்று மகிழ்கிறவர் மூன்றாமவர். இந்த மூவரின் உறவை நினைவில் வைத்துக்கொண்டால், விமான மைல்களின் கதை எளிதில் விளங்கும்.

விமானக் கம்பெனி விற்கும் சரக்கு எது? ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் புறப்படும் விமானத்தில் ஓர் இருக்கை. அரிசி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். விமானம் தரையை விட்டு எழும்பிய கணத்தில், காலியாக இருக்கும் இருக்கை என்றென்றைக்கும் விற்க முடியாத சரக்காகிவிடுகிறது. அதே சமயம், அந்த இருக்கையில் ஒருவரை ஏற்றிச் செல்வதால் கம்பெனிக்கு உண்டாகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். சிறிது எரிபொருளும் சிற்றுண்டியும் தவிர வேறொன்றுமில்லை. ஆகவே, எப்படியும் வீணாகப் போகும் இருக்கையைத் தன் நல்ல வாடிக்கையாளருக்குப் பரிசாக அளித்தால், பெறுகிறவருக்கு அது சில நூறு டாலர் பெறுமானமுள்ளது. கொடுக்கிறவருக்கோ சில டாலர்களே செலவு. இந்த வேற்றுமைதான் மைல் திட்டங்களின் அடித்தளம்.

எனினும், 1978-ஆம் ஆண்டு வரையில் இதற்குத் தேவை மிகுதியாக ஏற்படவில்லை. அதுகாறும் மாநிலங்களுக்கிடையே செல்லும் விமானங்களின் கட்டணத்தையும் வழித்தடத்தையும் ஓர் அரசாங்க வாரியமே நிர்ணயித்து வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை அகற்ற வழி செய்தது. கம்பெனிகளுக்கிடையே கடும் போட்டி மூண்டது. ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் மற்றவரும் குறைத்தாக வேண்டும். இந்நிலையில், பயணியைத் தம்மிடமே நிலைநிறுத்திக்கொள்ளும் உபாயத்தை எல்லோரும் தேடினார்கள்.

1981-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தன்னிடம் அடிக்கடிப் பயணம் செய்கிறவர் யார் என்பதை அக்கம்பெனி அறிந்துகொண்ட வகை சுவையானது. இருக்கைகளைப் பதிவு செய்வதற்காக அது வைத்திருந்த 'சேபர்' என்னும் கணிப்பொறி அமைப்பில் பயணிகளின் தொலைபேசி எண்கள் பதிவாகியிருந்தன. ஒரே எண் மீண்டும் மீண்டும் வருமாயின் அது அடிக்கடிப் பறப்பவரின் எண் அன்றோ? அவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டவர்களே முதல் உறுப்பினர்கள் ஆனார்கள். பறந்த தூரம் மைல் கணக்கில் அவரவர் பெயரில் வரவு வைக்கப்பட்டது. போதுமான மைல்கள் சேர்ந்ததும் இலவசப் பயணம் கிடைத்தது. ஒரு வாரத்திற்குள்ளாகவே யுனைட்டெட் ஏர்லைன்ஸும் தன் திட்டத்தை அறிவித்தது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன.

இதுவரையில் மைல் என்பது உண்மையாகவே மைலாக இருந்தது. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டி வங்கியும் சேர்ந்து ஒரு கடன் அட்டையை வெளியிட்டபோது நிலைமை மாறியது. அந்த அட்டையைக் கொண்டு காய்கறி வாங்கினாலும் காலணி வாங்கினாலும், செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் மைல் வரவாகும். வீட்டை விட்டு நகராமலே மைல் சேர்க்கலாம் என்றாயிற்று. இந்த மைல்களை வங்கி கம்பெனியிடமிருந்து பணம் கொடுத்து வாங்குகிறது. முன்னே சொன்ன பச்சை வில்லையின் மூவர் உறவு இங்கே மீண்டும் தோன்றுகிறது: அச்சிடுகிறவர் விமானக் கம்பெனி, வாங்கி வழங்குகிறவர் வங்கி, பெறுகிறவர் அட்டைதாரர்.

இவ்வாறு மைல் சேர்ப்பதில் சிலர் காட்டிய ஊக்கம் வியப்புக்குரியது. 1999-ஆம் ஆண்டில் ஓர் உணவுக் கம்பெனி, தன் பொருள்களின் மேலுறையிலுள்ள சீட்டுகளை அனுப்புவோருக்கு விமான மைல்கள் தருவதாக அறிவித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிறு கிண்ணங்களில் அடைத்து விற்ற 'புட்டிங்' என்னும் இனிப்பின் விலையைவிட, அதன் சீட்டுக்குக் கிடைக்கும் மைலின் பெறுமானம் அதிகம் என்று கண்டார். ஏறத்தாழ 3,140 டாலர் செலவிட்டு 12,150 கிண்ணங்களை வாங்கினார். தின்று தீர்க்க முடியாத இனிப்பை ஒரு தரும ஸ்தாபனத்திற்கு அளித்து, அதன் தொண்டர்களைக் கொண்டு சீட்டுகளை உரித்தெடுத்தார். அவருக்குக் கிடைத்தவை 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட மைல்கள்!

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் விந்தையானது. ஒரு டாலர் நாணயங்களை மக்களிடையே பரப்புவதற்காக, அமெரிக்க அரசாங்க நாணயச்சாலை 2008-ஆம் ஆண்டில் அவற்றை முகவிலைக்கே, அனுப்பும் கூலியும் இல்லாமல், வீட்டுக்கு அனுப்பி வைத்தது. சிலர் கடன் அட்டையால் ஆயிரக்கணக்கான நாணயங்களை வாங்கினார்கள். வந்த பெட்டியை அப்படியே வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்டி, அந்தப் பணத்தால் அட்டைக் கடனைத் தீர்த்தார்கள். கையில் எஞ்சியவை மைல்கள். 2011-ஆம் ஆண்டு ஜூலையில் நாணயச்சாலை கடன் அட்டையை ஏற்பதை நிறுத்திய பின்னரே இது ஓய்ந்தது.

இவை விதிவிலக்குகள். பொதுவாக மைல் சேரும் வழி யாது? தொடக்கத்தில் பறந்த தூரமே கணக்கு. 2015-ஆம் ஆண்டில் டெல்டா, யுனைட்டெட் ஆகிய கம்பெனிகளும், 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கன் கம்பெனியும் இம்முறையைக் கைவிட்டன. தூரத்திற்குப் பதிலாகக் கொடுத்த கட்டணமே கணக்காயிற்று. சாதாரண உறுப்பினருக்கு டாலருக்கு 5 மைல் என்று அப்போது ஏற்படுத்தினார்கள். இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காண்போம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறத்தாழ 2,475 மைல். போய்வர 4,950 மைல். பழைய முறையில் பயணிக்கு அத்தனை மைலும் வரவாகும். வரி நீங்கலாக அவர் கொடுத்த கட்டணம் 300 டாலராயின், புதிய முறையில் கிடைப்பது 1,500 மைல் மட்டுமே. அதே சமயம், அவசர வேலையாகப் பக்கத்து நகரத்திற்கு 700 டாலர் கொடுத்துப் பறந்தவருக்கு 3,500 மைல் கிடைக்கும். மைலுக்கும் தூரத்திற்கும் இருந்த உறவு அன்றோடு அறுந்தது. பெயர் மட்டும் பழைய பெயராகவே நிலைத்தது.

சேர்த்ததைச் செலவிடுவதில்தான் அறிவு வேண்டும். ஒரு மைலின் பெறுமானம் என்ன என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பயணத்திற்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து, மைல் கொடுத்துச் சீட்டுப் பெற்றாலும் கட்டியாக வேண்டிய வரியைக் கழியுங்கள்; மீதியை மைல்களின் எண்ணிக்கையால் வகுங்கள். சீட்டின் விலை 205 டாலர் 60 சென்ட் என்று கொள்வோம். மைல் கொடுத்தால் 16,000 மைலும் 5 டாலர் 60 சென்ட் வரியும் ஆகிறது. மீதி 200 டாலரை 16,000-ஆல் வகுத்தால் ஒரு மைலின் பெறுமானம் ஒன்றே கால் சென்ட். அதே 16,000 மைலைக் கொடுத்து, கடையில் 80 டாலர் விற்கும் ஒரு சமையற் கருவியைப் பெற்றால், மைல் ஒன்றுக்கு அரை சென்ட்தான் கிடைக்கிறது. மைல் ஒன்றே; செலவிடும் வழியால் அதன் மதிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது.

ஒரு கம்பெனியின் மைலை அக்கம்பெனியில்தான் செலவிட வேண்டும் என்பதில்லை. 1997-ஆம் ஆண்டில் 'ஸ்டார் அலையன்ஸ்' என்ற கூட்டணி அமைந்தது. 'ஒன்வேர்ல்டு', 'ஸ்கைடீம்' என்ற கூட்டணிகளும் பின்னர் அமைந்தன. கூட்டணியில் ஒரு கம்பெனியிடம் சேர்த்த மைலைக் கொண்டு மற்றொன்றின் விமானத்தில் செல்லலாம். யுனைட்டெட் கம்பெனியில் மைல் சேர்த்த ஒருவர், அதே கூட்டணியைச் சேர்ந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கலாம். ஆனால் இருக்கை இருந்தாலன்றி இது கைகூடாது. மைலுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் கம்பெனியார்.

இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி எழுகிறது. மைலின் மதிப்பை நிர்ணயிப்பவர் யார்? ஒரு நாட்டின் நாணயத்திற்கு மத்திய வங்கி உண்டு, சட்டமன்றம் உண்டு, மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உண்டு. மைலை வெளியிடுபவரும் கம்பெனியே. அதைக் கொண்டு வாங்கக்கூடிய சரக்கின் விலையை விதிப்பவரும் அதே கம்பெனியே. முன்னாளில் எந்தப் பயணத்திற்கு எத்தனை மைல் என்று அட்டவணை அச்சிட்டு வெளியிட்டார்கள். டெல்டா 2015-லும் யுனைட்டெட் 2019-லும் தம் அட்டவணைகளை விலக்கிக்கொண்டன. அதன்பின், ரொக்கக் கட்டணத்தைப் போலவே மைல் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கலாயிற்று. உங்கள் கணக்கில் 50,000 மைல் இருக்கலாம். நாளை அதைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு உறுதியில்லை.

இந்தக் குறையை மக்கள் நீதிமன்றத்திற்கும் கொண்டு சென்றார்கள். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்கன் கம்பெனி, மைலைச் செலவிடக்கூடாத நாட்களையும் இருக்கை வரம்புகளையும் புகுத்தி, முன்பே சேர்த்த மைல்களுக்கும் அவை பொருந்தும் என்றது. உறுப்பினர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் நுகர்வோர் சட்டத்தைக் கொண்டு விமானக் கம்பெனியின் திட்டத்தைத் தடுக்க இயலாது என்றும், கம்பெனி தானே ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியதாக மட்டும் வழக்காடலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு வந்தது. மின்னெசோட்டாவைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவரை நார்த்வெஸ்ட் கம்பெனி தன் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அவர் அடிக்கடிக் குறை கூறியதைக் கம்பெனி சுட்டிக்காட்டியது. கம்பெனி நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்ற அவர் முறையீட்டை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்காது தடுக்கிறது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கூறினார்கள். கட்டணப் போட்டிக்கு வழி திறந்த சட்டமே மைல் வைத்திருப்பவரின் கையைக் கட்டியும் விட்டது.

கம்பெனியே நொடித்துப் போனால் என்ன ஆகும்? 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் கம்பெனி வீழ்ந்தபோது, அதன் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டு பறக்க முடியாமற் போயிற்று. இலவசப் பயணம் என்று நம்பிக் காத்திருந்தது வெறும் எண்ணாகிவிட்டது.

கம்பெனிகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் மைலின் மதிப்பு எத்தகையது என்பதற்கு 2020-ஆம் ஆண்டு சான்று பகரும். பெருந்தொற்றினால் விமானங்கள் தரையில் நின்ற அந்நாளில், யுனைட்டெட் கம்பெனி தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அதே ஆண்டில் டெல்டா 900 கோடி டாலரும், 2021-ஆம் ஆண்டில் அமெரிக்கன் 1,000 கோடி டாலரும் அவ்வாறே பெற்றன. பறக்கும் விமானங்கள் வருவாய் ஈட்டாத காலத்திலும், வங்கிகளுக்கு மைல் விற்கும் தொழிலை நம்பிக் கடன் கொடுக்க ஆள் இருந்தது!

அப்படியாயின் இந்தச் செல்வம் எங்கிருந்து வருகிறது? ஒருவர் அட்டையால் 100 டாலருக்குச் சரக்கு வாங்கும்போது, கடைக்காரர் அதில் ஏறத்தாழ 2 டாலரை வங்கிகளுக்கும் அட்டை நிறுவனத்திற்கும் கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதியே மைலாக மாறி அட்டைதாரரை அடைகிறது. கடைக்காரர் இந்தச் செலவைத் தாமே தாங்குவதில்லை. சரக்கின் விலையில் ஏற்றிவிடுகிறார். அந்த விலையை ரொக்கம் கொடுக்கும் ஏழையும் கொடுக்க வேண்டும். அவருக்கோ மைல் இல்லை. பாஸ்டன் நகரிலுள்ள மத்திய ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் ஒன்று சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது என்றும், அட்டை பயன்படுத்தும் குடும்பம் ஒன்று 1,133 டாலர் பெறுகிறது என்றும் கண்டார்கள். ஒருவருக்கு இலவசமாகத் தோன்றும் ஆகாயப் பயணத்தின் கட்டணத்தில் ஒரு பங்கை, விமானத்தில் ஏறியே அறியாத மற்றொருவர் மளிகைக் கடையில் கட்டிவிடுகிறார்.

இன்னொரு தரும சங்கடமும் உண்டு. அலுவலகப் பணிக்காகச் செல்பவருக்குக் கட்டணம் கொடுப்பது முதலாளி. மைல் சேர்வதோ பயணியின் சொந்தக் கணக்கில். மைலுக்காகவே அதிகக் கட்டணமுள்ள விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் சபலம் எவருக்கும் எழலாம். அமெரிக்க மத்திய அரசாங்க ஊழியர்கள் இத்தகைய மைல்களைச் சொந்தத்திற்கு வைத்துக்கொள்ளலாகாது என்றே நெடுங்காலம் விதி இருந்தது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில்தான் சட்டம் அதனை அனுமதித்தது. சட்டம் அனுமதித்தாலும், பிறர் பணத்தைச் செலவிடும்போது யாருடைய நலனைக் கருத வேண்டும் என்ற கேள்வி மறைந்துவிடவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து உயர்கல்விக்காக அமெரிக்கா செல்லும் மாணவர்கள் பலர். அங்கே கடன் அட்டை வாங்கும் நிலை வந்ததும், "மைல்கள் இலவசம்" என்ற விளம்பரம் அவர்களையும் எதிர்கொள்கிறது. அவர்கள் ஒரே ஒரு கணக்கைச் செய்து பார்த்தால் போதும். 1,000 டாலர் செலவிட்டால், டாலருக்கு ஒரு மைல் வீதம் 1,000 மைல் கிடைக்கிறது; மைலுக்கு ஒன்றே கால் சென்ட் வீதம் அதன் பெறுமானம் 12 டாலர் 50 சென்ட். அந்த ஆயிரம் டாலரை உரிய காலத்தில் கட்டாமல் நிறுத்தி வைத்தாலோ, ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று கொண்டால், ஒரே மாதத்தில் 20 டாலர் வட்டியாகிவிடும். ஒரு மாதத் தாமதம் சேர்த்த மைலை எல்லாம் விழுங்கி, மேலும் ஏழரை டாலரையும் கொண்டுபோகிறது. பாக்கியை முழுவதும் உரிய நாளில் கட்டுபவருக்கே மைல் சன்மானம். கட்டாதவருக்கு அது தூண்டிலில் கோத்த இரை.

ஆகவே மைல்களை வெறுக்கவும் வேண்டாம். அவற்றில் மயங்கவும் வேண்டாம். எப்படியும் செய்ய வேண்டிய பயணத்தால் சேருமாயின் சேரட்டும். மைலுக்காக வேண்டாத பயணமும் வேண்டாத சரக்கும் கூடா. சேர்ந்தவற்றைப் பொன்னைப்போல் பூட்டி வைத்தல் பயனற்றது. பொன்னின் மதிப்பைத் தனியொருவர் குறைத்துவிட முடியாது. மைலின் மதிப்பை வெளியிட்டவரே குறைத்துவிடலாம். எனவே தேவை வந்தபோது கணக்குப் பார்த்துச் செலவிடுவதே அறிவுடைமை.

மைல் என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி எதுவாயினும், அதைக் கொடுத்தவர் யார், அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது, அதற்கான செலவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவர், விமானத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்கும் இடமெல்லாம் ஏமாறாமல் நிற்பார்.